கருகிய நிலத்துக்காரி கொடுத்த மருந்து

"சொந்தச் சோளத்தையே கருக விட்டவ, எங்க சோளத்துக்கு மருந்து கொடுக்க வந்துட்டா!"

தண்ணி வண்டி நிற்கும் இடத்தில் பூஷ்தா சத்தமாகவே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். வீட்டுக்கு ஐந்து டிரம். ஆளும் மாடும் மக்காச்சோளமும் அதில்தான் பிழைக்க வேண்டும்.

கழுதை முதுகிலிருந்து கேன்களை இறக்கிக்கொண்டிருந்த கல்தூம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேனில் இருந்தது கடல்பாசியை ஊறவைத்து வடித்த தண்ணீர். மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம்.

"இலை மேல தெளிங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. ஒரு வாளி தண்ணிக்கு ஒரு கிளாஸ், அவ்வளவுதான்."

"போன வருஷம் நானே பாசி அள்ளிட்டு வந்து தெளிச்சேன். இலையெல்லாம் வெந்து போச்சு!" என்றார் பூஷ்தா.

"அலசாம ஊற வெச்சீங்க அண்ணே. உப்பு சுட்டிருச்சு."

"ஆமா, நீ அலசி அலசித்தான் உன் நிலம் இப்படிப் பளபளக்குது!"

மறுபடியும் சிரிப்பு. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஸெய்னாவும் சிரித்துவிட்டாள்.

ஆனாலும் ஒரு கேன் வாங்கிக்கொண்டாள். வேறு வழி இல்லை. வாய்க்காலை மூடி மூன்று வருஷம் ஆகிறது. புருஷன் காசாபிளாங்காவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். சோளம் போனால் மாட்டுக்குத் தீனி இல்லை. மாட்டை விற்றால் குழந்தைக்குப் பால் இல்லை.

மூன்று வாரம் தெளித்தாள். ஒரு சொட்டு மழை இல்லை. மதியத்தில் இலைகள் சுருண்டுகொள்ளும். சாயங்காலம் மெல்ல விரியும். சோளம் செழிக்கவில்லை. ஆனால் சாகவும் இல்லை.

காலிக் கேனை எடுத்துக்கொண்டு ஸெய்னா கல்தூமின் வீட்டுக்குப் போனாள்.

பின்பக்கம் கல்தூம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிய தொட்டியில் பாசியை அலசிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் தரை உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது.

"வா புள்ள. சோளம் நிக்குதா?"

"நிக்குதுக்கா." ஸெய்னா காலிக் கேனைக் கீழே வைத்தாள். சுவரோரம் நிரப்பி வைத்திருந்த கேனில் ஒன்றைத் தூக்கப் போனாள்.

"அத எடுக்காத. நீல மூடி போட்டது பூஷ்தா அண்ணன் வீட்டுது."

"அவரா? அவரு..."

"அவரு சம்சாரம் வந்து வாங்கிட்டுப் போகும். அவரு தொழுகைக்குப் போற நேரமாப் பாத்துத் தெளிக்குதாம். தன் கைராசின்னு நெனச்சிட்டிருக்காரு மனுஷன். நீ வெளியில சொல்லிடாத."

ஸெய்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்தூமும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

"நகருங்கக்கா, நான் கொஞ்சம் அலசுறேன்." குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுத் தொட்டியில் கைவிட்டாள். "ஒரு தடவை போதுமா?"

"மூணு தடவை அலசணும். நாக்குல வெச்சா கரிக்கவே கூடாது."

"கடல்லயே அலசிட்டு வந்தா என்னக்கா?"

"உப்பை உப்புல அலசுறதா? நல்ல தண்ணிதான் வேணும்."

"வாரத்துக்கு எவ்வளவு ஆகும்?"

"நாலு டிரம்."

ஸெய்னாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. வண்டி ஊற்றுவது ஐந்து டிரம். வேலிக்கு அந்தப் பக்கம் கல்தூமின் நிலம் கருகிக் கிடந்தது.

"அக்கா... அப்ப உங்க சோளத்துக்கு?"

கல்தூம் பாசியைப் பிழிந்து உதறினாள்.

"நாலு டிரம்மையும் அதுக்கு ஊத்தினா அது ஒண்ணுதான் நிக்கும் புள்ள. இப்ப பாரு, பதினோரு வீட்டுச் சோளம் நிக்குது."