ஆறாவது பெட்டி

"இதென்னக்கா, இதுக்கு மட்டும் இப்படி ஒரு பேரு?"

எர்மெக் மவுஸை ஆறாவது பெட்டியின் மேல் நிறுத்தினான்.

திரையில் ஒரு பெரிய பெட்டி. அதுதான் சர்வர். அதற்குள் ஆறு சின்னப் பெட்டிகள், ஆறு பார்ட்டிஷன்கள். இருப்பது ஒரே இயந்திரம். ஆனால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும். ஒன்றிலிருந்து மெமரியை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க, மவுஸால் இழுத்து விட்டால் போதும்.

சாலை, சம்பளம், கடிதம், வானிலை, மேய்ச்சல். ஐந்துக்கும் ஒழுங்கான பெயர்கள். ஆறாவதின் கீழே 'ஜமான்' என்று இருந்தது.

எங்கள் கிர்கிஸ் பேச்சில் ஜமான் என்றால் உருப்படாதது.

"கசிபெக் அண்ணன் வெச்சது," என்றாள் சைகல்.

அந்த மலை மாவட்ட அலுவலகத்தின் சர்வரைப் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொண்டவர் கசிபெக். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் இல்லை. பிப்ரவரியில் இறந்துபோனார். ஜமானின் பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று. அதன் பிறகு நாலு மாதமாகச் சைகல்தான் எல்லாம். ஆறாவது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது.

எர்மெக் புது நிலப்பதிவு மென்பொருளை ஏற்றுவதற்காகத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்தான். அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன், ஆனால் மேலதிகாரி. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது. புது மென்பொருளுக்கு மெமரி போதவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே அவன் கணவாயைத் தாண்டியாக வேண்டும்.

"மேய்ச்சல்ல இருந்து கொஞ்சம் எடுக்கலாமே, தம்பி."

"அதுக்கு மேய்ச்சல் துறைத் தலைவர் கையெழுத்து வேணும். அவரு குதிரையோட மலையில இருக்காரு. போன் போட்டா குதிரைதான் எடுக்கணும்."

சைகல் சிரிக்கவில்லை.

"ஆறாவது எவ்வளவு வேலை பாக்குதுன்னு காட்டுற இந்தப் பச்சைக் கோட்டப் பாருங்கக்கா. பூஜ்யம். முக்கா மணி நேரமா பாக்குறேன், அசையவே இல்ல. கால்வாசி மெமரியப் புடிச்சு வெச்சுக்கிட்டுத் தூங்குது. எங்க அலுவலகத்துல பாதிப் பேரு மாதிரி."

"அவங்கள யாரும் அழிக்கிறதில்லையே."

அவன் தட்டிலிருந்து ஒரு போர்சோக்கை, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டை, எடுத்துப் பாலாடையில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "பேர்லயே எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு மனுஷன், உருப்படாததுன்னு. தூக்கிடுங்க."

அழித்தால் திரும்ப வராது. பிரதி எடுத்து வைக்கலாம் என்றால் அதற்கும் அந்தப் பாஸ்வேர்டு வேண்டும்.

சைகல் மவுஸைத் தன் பக்கம் இழுத்து ஆறாவது பெட்டியைச் சொடுக்கினாள். அழிக்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் 'வரலாறு' என்று இன்னொன்று இருந்தது. இதுவரை அதைத் தொட வேண்டி வந்ததில்லை. தொட்டாள்.

ஏரி-1. பதினோராம் நாள் பழுது. நீக்கப்பட்டது.

ஏரி-2. மூன்று மாதம். நீக்கப்பட்டது.

ஏரி-3. ஒன்பதே நாள்.

ஏரி-3 போன அன்று சாயங்காலமே, அதே இடத்தில், ஜமான். அதன்பின் ஒரு பழுதும் இல்லை. ஏழு வருடம்.

அந்த அலுவலகத்தில் வெறுமனே ஏரி என்று சொன்னால் ஒன்றுதான். மேலே பனி உருகித் தேங்குகிற ஏரி. அதற்கு நேர் கீழே நூற்றுப் பத்து வீடுகள். கோடையில் கரை தாங்காது என்று தெரிந்தால், ஊர் நடுவில் இருக்கிற கம்பத்தில் சங்கு ஊதும். யார் ஊதுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. தானாக ஊதும் என்பார்கள்.

அது ஜூன் மாதம்.

"தம்பி, ஒரு நிமிஷம்."

"அக்கா, கதையெல்லாம் அடுத்த தடவை." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரு பொத்தான அமுக்க இவ்வளவு யோசனையா?"

சைகல் அழிக்கிற பொத்தானை அமுக்கினாள். உடனே அழிந்துவிடவில்லை; ஒரு சின்னச் சாளரம் திறந்தது.

"அனுமதி குடுக்குறவரு பேரு கேக்குது. முழுப் பேரு சொல்லுங்க."

"ஜமான்பாயெவ் எர்மெக்," என்றான் வாயில் போர்சோக்கோடு.

அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

அழிக்கப்படுவது: ஜமான்.

அனுமதிப்பவர்: ஜமான்பாயெவ் எர்மெக்.

இரண்டு வரியும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. மெல்லுகிற சத்தம் நின்றது.

"யாரு, உங்க பேர்ல இருக்குற ஜமான்பாய்?" திரும்பாமலே கேட்டாள் சைகல்.

"கொள்ளுத்தாத்தா."

அவன் வாயில் இருந்ததை விழுங்கினான்.

"அவருக்கு முன்னால பொறந்த மூணும் தங்கல. அதான் அப்படி ஒரு பேரு. உருப்படாததுன்னு சொன்னா சாவு கூடச் சீந்தாதுன்னு…"

சைகல் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். அவன் குனிந்து படித்தான். மூன்று ஏரிகள். அப்புறம் நாலாவது.

விரலில் இருந்த எண்ணெயைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு மவுஸை வாங்கினான். 'ரத்து' என்பதைச் சொடுக்கினான்.

"மேய்ச்சல்ல இருந்து எடுங்க."

"தலைவர் கையெழுத்து?"

"மலையிலேர்ந்து எறங்கி வந்து திட்டட்டும்."

மணி நான்கு ஆயிற்று. ஆறாவது பெட்டியில் பூஜ்யத்தில் கிடந்த பச்சைக் கோடு மெதுவாக எழுந்தது. ஏரியை எட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு விநாடி நின்றது.

பிறகு பழையபடி படுத்துக்கொண்டது.