ரப்பர் தலையின் ஏழாவது விநாடி

மூளையில் ரத்தம் ஏறுவதை ஒளியால் அளக்கும் கருவிகள் மூன்று வந்திருந்தன. எது தேவலை என்று ஒப்பிட்டுச் சொல்வது, சோதனைக்கூடத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவளுடைய வேலை. முன்பெல்லாம் அவள் கணவர்தான் இதற்குத் தலையைக் கொடுப்பார். ஏதாவது கேட்டால் மற்றவர்களுக்குத் திரையில் ஐந்தாவது விநாடியில் ஏறும் கோடு, அவருக்கு ஏழாவதில்தான் ஏறும். "மூளைகூட உங்கள மாதிரியே நிதானம்" என்பாள். "தொப்பியோட பட்டை இடது காதை அறுக்குது, அதைப் பாரு" என்பார் அவர்.

அவர் போய் எட்டு மாதம். இப்போது மேசையில் ஒரு ரப்பர் தலை. உள்ளே ரத்தமும் கிடையாது, மூளையும் கிடையாது. கோடு அசையாமல் கிடந்தால் கருவி சரி.

முதல் கருவியின் தொப்பியை அதற்கு மாட்டியதும் பழக்கதோஷத்தில், "சாப்பிட்டீங்களா?" என்றாள். ஏழாவது விநாடியில் கோடு ஏறி இறங்கியது.

"வெளிச்சம் உள்ள போயிருக்கும்க்கா" என்றான் கூட வேலை செய்யும் என்ஜினியர். கறுப்புத் துணியால் மூடினார்கள். இரண்டாவது கருவியில் அவள் கேட்டபோதும் ஏழு. அவன் கேட்டுப் பார்த்தான், கோடு அசையவில்லை.

"நான் வேற கேபிள் கொண்டு வரேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

மூன்றாவது தொப்பியை மாட்டி அவள் அதையே கேட்டாள். ஏழாவது விநாடியில் ஏறிய கோடு இறங்காமல் அங்கேயே நின்றது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணிக்குள் கையை விட்டு, இடது காதுக்குப் பின்னால் பட்டையை ஒரு துளை தளர்த்தினாள்.

"இப்ப சரியா?"

ஏழு விநாடி காத்திருந்தாள். கோடு மெல்ல இறங்கிப் படுத்தது.