யார் விரல் அளவு?

“நீங்க ஃபெயில். அடுத்தவங்களை உள்ள வரச் சொல்லுங்க.”

ரத்னா மேடம் இப்படிச் சொன்னது குன்றத்தூர் அக்குபங்சர் பள்ளியின் மாடி அறையில், பரீட்சை நேரத்தில். ஃபெயிலானவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மறைமலை நகரில் இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பெயர் வெங்கடேசன். அவர் ஒரு முறை முறைத்தால் அறுபது பேருக்குக் கை வேகம் கூடும்.

அது 1991. ஊசி வைத்தியம் என்றால் ஜனங்கள் பாட்டுக்குத் திரும்பி நின்று இடுப்பைக் காட்டிய காலம். அந்தக் காலத்திலும் இந்தப் பள்ளியில் பரீட்சை என்றால் பரீட்சைதான்.

“இன்னா ரத்…” என்று ஆரம்பித்த வெங்கடேசன், பள்ளி முதல்வர் கோதண்டராமன் கனைத்ததும் விழுங்கிக்கொண்டார். பரீட்சை வைப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அங்கே விதி. “இன்னா மேடம் இது? ஊசியெல்லாம் கரெக்டாதான வெச்சேன்?”

“கரெக்டாவா? கோவிந்தம்மா, காலைக் காட்டுங்க.”

முழங்கால் வலிக்கு வந்து, பரீட்சைக்கென்று கட்டிலில் படுக்கச் சம்மதித்த கோவிந்தம்மா காலை நீட்டினார்.

“முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஊசி வைக்கணும். யார் விரல் அளவு?”

“விரல்னா விரல்தான். என் விரலால அளந்தேன்.”

“வலி அவங்களுக்கு, விரல் மட்டும் உங்களுதா?”

ரத்னா மேடம் இரண்டு பேர் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வெங்கடேசனின் நாலு விரல் அகலத்தில் கோவிந்தம்மாவின் ஐந்து விரலும் அடங்கி, இடம் மிச்சமிருந்தது.

“சரி, ஒரு விரல் தள்ளிப் போச்சு. அஞ்சு மார்க் கொறைங்க. ஃபெயில் இன்னாத்துக்கு?”

“அதுக்கு அஞ்சு மார்க்தான் குறைச்சேன். ஃபெயில் வேற ஒண்ணுக்கு. வலிக்குதுன்னு இவங்க சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

வெங்கடேசன் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தம்மா திறந்தார். “‘கத்தாத, சும்மா கெட’ன்னாரு. நானும் பயந்துக்கினு கெடந்தேன்.”

“வலிக்குதுன்னு சொன்னா ஊசியை உடனே எடுக்கணும். அதட்டினா முழு மார்க்கும் போயிடும். முதல் வகுப்புலயே சொல்லிக் குடுத்ததுதானே?”

“மேடம், வெள்ளிக்கிழமை வல்லத்துல வைத்தியசாலை திறக்கிறேன். நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டியாச்சு. பேருக்குப் பின்னாடி பட்டம்கூடப் போட்டாச்சு.” குரலில் கெஞ்சல் இருந்தாலும் பார்வை என்னவோ முறைப்பாகத்தான் இருந்தது.

“அந்தப் பட்டத்து மேல ஒரு காகிதத்தை ஒட்டிடுங்க.”

கோதண்டராமனுக்கு வியர்த்துவிட்டது. ரத்னாவை மாடிப்படி ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“போன பேட்ச்ல முதலாவதா வந்தவங்கதான் அடுத்த பேட்ச்சுக்குப் பரீட்சை வைக்கணும்னு விதி எழுதினதே நான்தாம்மா. இப்ப நானே கேக்கறேன். பாஸ் மார்க் போட்டு அனுப்பிடேன். இந்த மாடி அவரோட மச்சானுது. அதைக்கூட விடு. அவர் நெனச்சா நாளைக்கே உன் வேலை போயிடும்.”

“தெரியும் சார். வூட்ல மூணு பேர் சாப்பிடறது என் ஒருத்தி சம்பளத்துலதான். எனக்கும் பயமாத்தான் கீது.”

“அப்புறம் என்ன?”

“அந்தம்மா வலிக்குதுன்னு சொன்னதை என் காதால கேட்டேன் சார். கேக்காத மாதிரி மார்க் போட வரல.”

ரத்னா உள்ளே போய்ச் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார். வெங்கடேசன் பூஜ்யத்தைப் பார்த்தார், ரத்னாவைப் பார்த்தார், படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, கம்பெனியில் மேனேஜர் வெங்கடேசனைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த மாசத்துல மூணாவது லோடு திரும்பி வந்திருக்குய்யா! ஓட்டை தள்ளி அடிச்ச பீஸையெல்லாம் பாஸ் பண்ணி அனுப்பியிருக்காங்க. செக்கிங்ல இருக்கறவங்களுக்குக் கண்ணு இல்லையா?”

“கண்ணெல்லாம் நல்லாத்தான் கீது சார். டார்கெட் ஆவணும்னு நான் முறைக்கிறேன், அவங்க பயந்துக்கினு பாஸ் போட்டுடறாங்க. தப்பு என்னுதுதான்.”

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை மேனேஜர் கேட்டதே இல்லை.

“இன்னிலேர்ந்து கடைசி செக்கிங்குக்கு வேற ஆளைப் போடறேன் சார். நான் முறைச்சாலும் சரி, கெஞ்சினாலும் சரி, ரிஜெக்ட்டுன்னா ரிஜெக்ட்டுதான். நேத்து நானே அனுபவிச்சேன். ஆனா ஒண்ணு, அந்த ஆளைப் பர்மனென்ட் பண்ணணும்.”

“தாராளமா பண்ணலாம். அப்படிப்பட்ட ஆளை எங்கேருந்துய்யா கூட்டிட்டு வருவே?”

“கூட்டினு வர வேணாம் சார்” என்று வெங்கடேசன் மூன்றாம் நம்பர் மெஷினைக் காட்டினார். அங்கே நீலக் கோட்டும் எண்ணெய்க் கையுமாக, எந்த நிமிஷம் வேலையை விட்டுப் போகச் சொல்வாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி தகடு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், நாலு வருஷமாக அவருடைய லைனிலேயே தினக்கூலிக்கு நிற்கும் ஹெல்பர் ரத்னா.