கடைசி இரண்டு வரி

“சார், தீர்ப்புச் செய்தியில ரெண்டு வரி அதிகம்” என்றாள் பக்கம் வடிவமைக்கும் பெண்.

உதவி ஆசிரியர் திரையை எட்டிப் பார்த்தார். ‘பாலியல் தொழில் இனி குற்றமல்ல’ என்ற தலைப்பு அவர் வைத்தது. கடைசி இரண்டு வரி: ‘ஆனால், ஒரே வீட்டில் பலர் சேர்ந்து நடத்தினால் சிறைதான்.’

“தலைப்புல கை வைக்காத. கடைசி ரெண்டு வரியைத் தூக்கிடு. அதுவரைக்கும் எவன் படிக்கப்போறான்?”

மூன்றாம் நாள் ஒரு கைதுச் செய்தி வந்தது. வாடிக்கையாளன் அடித்ததாகக் காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போனவள், வீட்டு முகவரியையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதே வீட்டில் இருந்த தோழிகளோடு சேர்த்து நான்கு பேர் உள்ளே.

“சார், இதுலயும் ரெண்டு வரி அதிகம்.”

கடைசி இரண்டு வரி: ‘குற்றமல்ல என்று போட்டிருக்கிறதே என அந்தப் பெண் போலீசாரிடம் நமது நாளிதழை நீட்டினார்.’

அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

“தூக்கிடும்மா.”