பட்டப்பகலில் ஓர் இரவு

பட்டப்பகல் வெயிலில் மின்னும் ஆய்வகக் கண்ணாடிக் கிண்ணத்தில், கடுகளவுகூட இல்லாத கடல்புழுக் குஞ்சுகள் மேலே நீந்திக்கொண்டிருக்கின்றன. இருட்டியதும் நம் உடலில் ஊறும் மெலடோனின்தான், மனிதர் தோன்றும் முன்பிருந்தே இவற்றையும் இரவில் அடங்கிக் கீழே இறங்கவைக்கிறது என்பது ஆராய்ச்சியாளரான அவள் கட்சி. இன்று நிரூபிக்காவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. நேற்று மெலடோனின் புட்டியை வெயிலில் வைத்துக் கெடுத்த கணவன், இன்று புதுப் புட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போல் ஏந்தி நிற்கிறான். "தொட்டில் கட்டட்டுமா?" என்கிறாள். "குத்திக்காட்டினது போதும்டி, தாயே!" ஒரு சொட்டு விழுகிறது. உருப்பெருக்கியில் அவள் கண். குஞ்சுகளின் உடலில் துடுப்புப் போல் அடித்துக்கொண்டிருந்த மயிரிழைகள் ஓய்கின்றன. அத்தனை வெளிச்சத்திலும் குஞ்சுகள் மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன. நாற்காலி சாய்ந்து விழ அவள் துள்ளி எழுகிறாள். "ஜெயிச்சிட்டோங்க!" கண்ணில் நீர் ததும்ப, அவன் உதட்டில் விரல் வைக்கிறான். "உஷ்... பிள்ளைங்க தூங்குறாங்க."