மேலே ஏறுகிறவள்

வேனின் பின்கதவில் உட்கார்ந்து இஷ்பெல் தேநீர் குடிக்கிறாள். அவள் இமைகளில், அறுத்த பீச் மரத்தின் தூள் மாவாய்ப் படிந்திருக்கிறது. விட்டும் விடாத தூறலில், ஸ்காட்லாந்துக் காடு முழுக்கப் பச்சை மர வாசனை. கீழே கயிற்றைச் சுருட்டுகிறான் தம்பி டார்மட். ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவன்.

"முதலுதவிப் பயிற்சிக்கு என் பேரக் குடுத்துட்டேன். ஒருத்தர் போனாப் போதுமாம்," என்கிறாள்.

அவன் நிமிரவில்லை. "மரத்து மேல ரம்பம் பிடிக்கிறது யாரு, அக்கா?"

"நான்தான்."

"கை அறுபட்டா, நீயே எறங்கி வந்து கட்டுப் போட்டுப்பியா?"

குவளை அவள் உதட்டருகே நின்றுவிடுகிறது.

"மரம் வெட்டுறவங்களுக்குன்னே தனி வகுப்பு இருக்கு, அக்கா. பெரிய காயத்துல ரத்தத்த நிறுத்துறது எப்படின்னு சொல்லித் தராங்க. அதுக்கு என் பேரக் குடு."

"நாய்க்கு ஊசி போட்டப்பவே விழுந்தவனாச்சேடா நீ."

அவன் வேனிலிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறக்கிறான். உறை பிரிக்காத கட்டுத்துணியைப் பிரித்து, காயமே இல்லாத அவள் கையில் சுற்றுகிறான், கண்களை இறுக மூடிக்கொண்டு.

"இறுக்கமா இருக்கா?"

கட்டு மணிக்கட்டை நோக்கி மெல்ல நழுவுகிறது.

"இருக்குடா," என்கிறாள் இஷ்பெல், கையை அசைக்காமல்.