சரியான உயரம்

ஞாயிறு காலை ஏழு மணி வெயிலில், குமணன்சாவடி டீக்கடை வாசலில் பதினான்கு ஹெல்மெட்டுகள் மின்னுகின்றன. ‘சைக்கிளுக்கு மாறுவோம்’ என்ற பேனரைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் குழுவினர் போட்டோவுக்கு வரிசை கட்டுகிறார்கள். குழுவின் தலைவன் ஆன்சன் மட்டும் யாருடையதோ ஒரு பழைய சைக்கிளின் அருகே குந்தியிருக்கிறான். வழியில் பார்க்கும் சைக்கிளையெல்லாம் கேட்காமலே சரிசெய்து வைப்பது அவர்கள் வழக்கம். சீட்டை நான்கு விரல் உயர்த்தி முடுக்குகிறான். இத்தனை நாள் குழாய்க்குள் கிடந்த சீட்டுக் கம்பி கிரீஸோடு பளபளக்கிறது.

கொண்டுவந்த இட்லியில் பாதியைக் கடைக்குக் கொடுத்துவிட்டு வரும் ஞானகுமாரி, மீதி இருக்கும் அண்டாவைத் தன் அந்தப் பழைய சைக்கிளின் கேரியரில் கட்டி ஏறுகிறாள். கால் நுனிதான் தரையைத் தொடுகிறது. சாயும் அண்டாவை டீ மாஸ்டர் ஓடிவந்து பிடிக்கிறார்.

“யாரக் கேட்டு கை வெச்ச?” என்று ஸ்பேனரோடு நிற்பவனிடம் கேட்கிறாள்.

“தாழ்வா இருந்தா முட்டி போயிடும்க்கா. இதுதான் சரியான உயரம்” என்கிறான் ஆன்சன்.

“சிக்னல்ல லாரி பக்கத்துல நிக்கசொல்லோ ரெண்டு காலையும் ஊனணும். அண்டாவ உன் முட்டியா தாங்கும்? எறக்குடா!”

ஆன்சன் ஸ்பேனரைத் திருப்புகிறான். பளபளப்பு முழுவதும் உள்ளே போகும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை. பிறகு சைக்கிளை உருட்டிவந்து, பேனருக்கு நேர் முன்னால் நிறுத்தி ஏறுகிறாள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிகின்றன. பேனரின் எழுத்துகளை அண்டா மறைக்கிறது.

“அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க. போட்டோ” என்கிறான் படம் எடுப்பவன்.

“இருவது வருசமா ஓட்டிகினு கீறேன். இப்ப எடு.”